மலைத் தோட்டத்து ரோஜாவும் நம் ஊர்ச் செண்பகமும்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கேமரன் மலைக்குச் சென்றிருந்தோம். யோங் பெங்கின் வெயிலிலும் புழுக்கத்திலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், உள்ளங்கை அகலம் விரிந்திருந்த ரோஜாக்களைக் கண்டு வாயடைத்துப் போனார்கள். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் பன்னிரண்டு ரோஜாச் செடிகளை வாங்கினோம். மடியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து பள்ளி வாசலில் நட்டோம். முதல் மாதம் பூத்தது. இரண்டாம் மாதம் பூ சிறுத்தது. அப்புறம் இலைகளில் கரும்புள்ளி விழுந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தது. ஆறு மாதத்தில் மிஞ்சியவை இரண்டே செடிகள்.

அப்போது லயத்திலிருந்து வந்த ஒரு பாட்டி செடியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாத்தியாரே, இது குளிர்ல பொறந்த புள்ள. இங்க கொண்டாந்து வெயில்ல வெச்சா தாங்குமா?"

பாட்டி சொன்னது பெரிய உண்மை. செடிகளை ஒரு மண்ணிலிருந்து பிடுங்கி இன்னொரு மண்ணில் நடுவதற்கு நீண்ட வரலாறு ஒன்று உண்டு. அந்த வரலாற்றில் ரோஜா இருக்கிறது, நம் பால்மரம் இருக்கிறது, நாமும் இருக்கிறோம். அதைத்தான் இன்றைய பேச்சில் பார்க்கப் போகிறோம்.

முதலில் குளிரைப் பற்றி ஒரு சொல். கடல் மட்டத்திலிருந்து ஓராயிரம் மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை பாகை குறையும். கேமரன் மலையின் தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நம் ஊரைவிட ஒன்பது பாகை குளிர்ச்சி. தமிழகத்தின் உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே மார்கழி, தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி படியும். குளிரில் ரோஜா மொட்டு அவசரப்படாமல் வளரும், இதழ்கள் கூடும், நிறம் தடிக்கும். நம் ஊர் வெப்பத்திலோ மொட்டு சீக்கிரம் விரிந்து சீக்கிரம் உதிர்ந்துவிடும். அத்துடன் இலை மணிக்கணக்கில் ஈரமாகவே இருந்தால் கரும்புள்ளி நோய் வந்துவிடும். கேமரன் மலையில் பூப்பயிருக்கு மேலே பிளாஸ்டிக் கூரை போடுவதற்கு மழையும் இந்த ஈரமும்தாம் காரணம்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1819ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார். தோடர்கள் எருமை மேய்த்து வாழ்ந்த மலை அது. தம் நாட்டுக் குளிரை நினைவூட்டிய அந்த இடத்தில் வெள்ளைக்காரர்கள் வீடு கட்டினார்கள். வீடு கட்டியவர்களுக்கு உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் வேண்டியிருந்தன. பிறகு பூவும் வேண்டியிருந்தது. காய்கறி பயிரிடத் தொடங்கிய முயற்சிதான் வளர்ந்து, உதகை தாவரவியல் பூங்காவாக உருவெடுத்தது. அதை அமைப்பதற்காக 1848இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரகாம் மெக்கைவர் என்ற தோட்டக்கலைஞர் வந்தார். தொட்டபெட்டா மலைச்சரிவில், மேலே சோலைக்காடும் கீழே சதுப்புமாக இருந்த நிலத்தைப் படிப்படியாக வெட்டிப் பூங்காவாக்க ஏறக்குறைய பத்து ஆண்டுகள் பிடித்தன. இன்று அதன் பரப்பு சுமார் 22 ஹெக்டர். ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கு மலர்க்காட்சி நடக்கிறது. நூறாவது மலர்க்காட்சியின் நினைவாக 1995இல் தனியாக ஒரு ரோஜாப் பூங்காவும் உதகையில் அமைக்கப்பட்டது. உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு 2006இல் அதற்குச் சிறப்பு விருது வழங்கியது.

இலங்கையிலும் இதே கதைதான். நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கலை தாவரவியல் பூங்கா 1861இல் தொடங்கியது. இன்று ரோஜாவுக்குப் பெயர்பெற்ற அந்தப் பூங்கா, முதலில் பூவுக்காக அமைக்கப்பட்டதன்று. சிங்கோனா என்ற மரத்துக்காக அமைக்கப்பட்டது. சிங்கோனாப் பட்டையிலிருந்துதான் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா கிடைத்தது. கசக்கும் அந்த மருந்தைத் தோட்டத்தில் விழுங்கிய கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நீலகிரியில் சிங்கோனாத் தோட்டங்களை உருவாக்கியவரும் நாம் சற்றுமுன் சொன்ன மெக்கைவர்தான்.

அந்தச் சிங்கோனாத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுள் சீனக் கைதிகளும் இருந்தனர். அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் தெரியுமா? பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றையும் சேர்த்து அன்று நீரிணைக் குடியேற்றங்கள் என்றார்கள். அங்கிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே கடல்வழியே இந்தியக் கைதிகளும் இந்தப் பக்கம் கொண்டுவரப்பட்டார்கள். சிங்கப்பூரின் பழைய சாலைகள் பலவும், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்களின் உழைப்பில் எழுந்தவை. செடி ஒரு பக்கம் போனது. மனிதர்கள் இரு பக்கமும் போனார்கள்.

இப்போது நமக்கு நெருங்கிய கதைக்கு வருவோம். சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா 1859இல் தொடங்கப்பட்டபோது, அது மாலைப் பொழுதில் உலாவுவதற்கான ஒரு பூந்தோட்டந்தான். ஆனால் 1876இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. மறு ஆண்டு, 1877இல், இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பிறகு அந்தப் பூங்காவுக்குத் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பால் எடுக்கும் வெட்டுமுறையைச் சோதித்துக் காட்டினார். விடியற்காலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நம் பெற்றோர் வெட்டிய அந்த வெட்டு, ஒரு பூந்தோட்டத்தில் பிறந்த வெட்டு என்பதை நினைத்துப் பாருங்கள்.

பால்மரம் பெருகியது. அதை வெட்ட ஆள் வேண்டியிருந்தது. சேலம், திருச்சி, தஞ்சை, வடஆர்க்காடு என்று ஊர் ஊராகக் கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். ரோஜாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். நம் முன்னோர்களைக் கப்பலின் மேல்தட்டில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். செடிக்கு வெயில் படாமல் பார்த்துக்கொண்ட அளவுக்கு ஆளைப் பார்த்துக்கொண்டார்களா என்பது வேறு கேள்வி.

கேமரன் மலையும் இந்த வரிசையில் வந்ததே. 1885இல் வில்லியம் கேமரன் அந்த மலைப்பகுதியை அளக்கப் போனார். அவர் பெயரே அதற்கு நிலைத்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அதைப் பார்வையிட்ட பிறகு, மலைவாசத்தலமாக ஆக்கும் வேலை சூடுபிடித்தது. தாப்பாவிலிருந்து மலையைக் குடைந்து சாலை போடப்பட்டது. 1929இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்கே காடு வெட்டிக் கன்று நட்டவர்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டப் பழகிய கைக்கு ரோஜாவுக்குக் கவ்வாத்து வெட்டுவது புதிய வித்தையா? இன்று அந்த மலையின் பூப்பண்ணைகளில் பங்களாதேஷ், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். ஆள் மாறியிருக்கிறதே தவிர, பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த கதை மாறவில்லை.

இந்த இடத்தில் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பூங்காக்களின் வரலாற்றில் சல்லிவன் இருக்கிறார், மெக்கைவர் இருக்கிறார், ரிட்லி இருக்கிறார். அவர்கள் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஒவ்வொரு செடியின் பெயரும் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் சதுப்பைத் தூர்த்தவர், மண் சுமந்தவர், பனிக்காலையில் பாத்திக்குத் தண்ணீர் விட்டவர் ஆகியோரின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரோஜாவும் மக்னோலியாவும் வெள்ளைக்காரர் கொண்டுவந்த மலர்கள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். இது பாதி உண்மை. பெரிய இதழ் ரோஜாக்கள் சீன ரோஜாவும் ஐரோப்பிய ரோஜாவும் கலந்து பிறந்தவை, அவை வந்தவைதாம். ஆனால் நீலகிரியிலும் பழனி மலையிலும் வெள்ளைப் பூப் பூக்கும் காட்டு ரோஜாக்கொடி ஒன்று, எந்தக் கப்பலும் வருவதற்கு முன்பே இருந்தது. மக்னோலியா என்ற பெயர் பிரெஞ்சுத் தாவரவியலறிஞர் பியேர் மக்னோலின் பெயரால் வந்தது. அமெரிக்காவின் தென்பகுதியில் வளரும் பெரும்பூ மக்னோலியாவை உலகெங்கும் தோட்டங்களில் நட்டார்கள். இமயமலையில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு மக்னோலியா இருக்கிறது. பனிக்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, வெறுங்கிளையில் தாமரைபோல் பூக்கும். குளிர்காலம் என்ற ஒன்றே இல்லாத நம் ஜொகூரில் அந்த மரம் அப்படிப் பூப்பதை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் அதே குடும்பத்து மரம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதுதான் செண்பகம்! முன்பு மிக்கேலியா என்று தனியே வைத்திருந்த செண்பகத்தைத் தாவரவியலார் இப்போது மக்னோலியா இனத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அதன் அறிவியல் பெயர் மக்னோலியா சம்பகா. மலாய்க்காரர்கள் செம்பாக்கா என்று அழைப்பதும் இதையே. நீலகிரிச் சோலைகளில் வளரும் காட்டுச் செண்பகமும் மக்னோலியாவே. சங்க நூலான குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் தொண்ணூற்றொன்பது மலர்களில் செண்பகமும் ஒன்று. அப்படியானால், மெக்கைவர் மலையேறும் முன்பே அந்த மலையில் மக்னோலியா மணம் வீசிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு நம் மொழியில் பெயரும் இருந்தது.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால் ஒரு செண்பக மரம் நின்றது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் அது நின்றது. லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, குடும்பங்கள் தாமான்களுக்குப் போனபோதும் நின்றது. அதை நட்டது யார் என்று ஒரு நாள் வகுப்பில் கேட்டோம். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்ட நமக்கும் தெரியாது. மெக்கைவர் எந்த ஆண்டு உதகைக்கு வந்தார் என்பதை மனப்பாடமாகச் சொல்லும் நாம், நம் கோயில் வாசலில் மரம் வைத்தவரை அறியாமல் இருந்தோம். அன்று வெட்கமாக இருந்தது.

ரோஜாவைப் பார்த்துப் பேசிய அதே பாட்டியிடம் போய்க் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தம் மாமியார்தான் வைத்தார் என்றார். ஊரில் தம் வீட்டுக் கொல்லையில் செண்பகம் இருந்ததாம். அந்த வாசனை இல்லாமல் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகவே இல்லை என்று எங்கேயோ கன்று தேடி வாங்கிவந்து வைத்தாராம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பால்மரத் தொழிலாளிப் பெண் அவர். உதகையில் வெள்ளைக்காரர்கள் தம் ஊர்ப் பூவை நினைத்து ஏங்கினார்கள் என்று படிக்கிறோமே, அதே ஏக்கம் இவருக்கும் இருந்திருக்கிறது. அவர்களுக்கு 22 ஹெக்டர் கிடைத்தது. இவருக்குக் கோயில் வாசலில் நான்கடி மண் கிடைத்தது.

அந்த ஆண்டு செண்பகம் காய்த்ததும் பிள்ளைகளோடு விதை பொறுக்கினோம். விதையின்மேல் சிவப்பாக ஒட்டியிருக்கும் சதையைக் கழுவி நீக்கிவிட்டு, காயவிடாமல் உடனே விதைக்க வேண்டும். நாள் கடத்தினால் முளைப்புத் திறன் போய்விடும். முளைக்கப் பல வாரங்கள் ஆகும். பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். முளைத்த கன்றுகளைத் தாமான்களுக்குப் போன குடும்பங்களுக்குக் கொடுத்தோம். பள்ளிக்கு ஒன்றை வைத்துக்கொண்டோம். அதன் அருகே ஒரு பலகை நட்டோம். மேலே செடியின் பெயர். கீழே அந்தப் பாட்டியின் மாமியார் பெயர்.

நேயர்களே, உங்கள் வீட்டு வாசலிலும் ஏதேனும் ஒரு மரமோ கொடியோ இருக்கும். இன்று மாலை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேளுங்கள்: இதை வைத்தது யார், எங்கிருந்து கொண்டுவந்தார்கள், எந்த ஆண்டு? விடையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். மாணவர்கள் அதை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். செண்பக விதையைப் போலவே இதற்கும் நாள் கடத்தக் கூடாது.

எஞ்சிய அந்த இரண்டு ரோஜாச் செடிகளைப் பற்றிக் கேட்பீர்கள். காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றி, இலை நனையாமல் வேரில் மட்டும் தண்ணீர் விட்டு வருகிறோம். பூ சிறியதுதான், ஆனாலும் பூக்கிறது.