பினாங்குக்குப் படகில் செல்வோம்

பட்டர்வொர்த் துறையில் படகேறினால் சுமார் கால்மணி நேரத்தில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் கரையை அடையலாம். விடுமுறைக்குச் செல்லும் நாம் கடற்காற்றில் மகிழ்கிறோம். அக்கரையிலோ நம் முன்னோரின் சுவடுகள் உள்ளன. சோழமண்டலக் கரையிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சூலியர் எனப்பட்டனர். சூலியா வீதி இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்களின் தலைவர் காதர் முகைதீன் முன்னின்று 1801இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் ஐவேளைத் தொழுகை தொடர்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

1985இல் பாலம் திறந்தபின் படகின் தேவை குறைந்தது. வாகனங்களையும் சுமந்த பழைய இரட்டைத்தட்டுப் படகுகள் ஓய்ந்தன. 2023இல் புதியவை வந்தன. பாலத்தில் விரையலாம். ஆயினும், இன்ஷா அல்லாஹ், பிள்ளைகளுடன் ஒருமுறையேனும் படகில் செல்வோம். கடல்வழி வந்தவர்களின் வரலாற்றைக் கடல்மீதிருந்தே அவர்களுக்குச் சொல்வோம்.