கேசட்டா, சிடியா? ஒரு பழைய போட்டியின் கணக்கு

விளையாட்டுப் பெட்டி வாங்க யோசிப்பவர்கள் என் சர்வீஸ் மேசைக்கு வந்து முதலில் கேட்பது, "அண்ணே, எதுல கிராபிக்ஸ் நல்லா இருக்கும்?" என்றுதான். "அதை அப்புறம் பார்க்கலாம் தம்பி, கேம் எதுல ஏறி வீட்டுக்கு வருதுன்னு முதல்ல பாரு" என்பேன். கேசட்டிலா, வட்டிலா, இணையத்திலா? ஒரு பெட்டியின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் அந்த ஒரே முடிவிலிருந்துதான் கிளைக்கின்றன. 1990-களில் நின்டெண்டோவும் சோனியும் சேகாவும் மோதிய கதை இதற்கு நல்ல சாட்சி. மூன்று பெட்டிகளையும் கழற்றி உள்ளே பார்த்தவன் என்ற முறையில் அதைச் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில் அறிமுகமானது கேசட்தான். 'டிவி கேம்' என்ற பெயரில் அன்று வீடுகளுக்குள் நுழைந்த பெட்டிகளில் பல, நின்டெண்டோ 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். மசாயுகி உஎமுரா வடிவமைத்த அந்த மூலப் பெட்டியில், செருகிய கேசட் அனுமதி பெற்றதுதானா என்று சோதிக்கும் சிப் கிடையாது. 1985-ல் அமெரிக்காவுக்குப் போன வடிவத்தில்தான் அந்தப் பூட்டு சேர்ந்தது. பூட்டில்லாத பெட்டியை மற்றவர்கள் தாராளமாக நகலெடுத்தார்கள். கான்ட்ராவும் மரியோவும் நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது அந்த வழியில்தான்.

கேசட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரு சின்ன சர்க்யூட் போர்டும் அதன்மேல் ரோம் சிப்பும்தான். சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் கேம் வந்து நிற்கக் காரணம், பெட்டியின் பிராசசர் அந்த ரோமைத் தன் சொந்த நினைவகம்போல நேரடியாகப் படிப்பது. எதையும் ஏற்றி இறக்க வேண்டியதில்லை. அதனால்தான் வெறும் 2 கிலோபைட் வேலை நினைவகத்தை வைத்துக்கொண்டு ஃபேமிகாம் அவ்வளவு ஆட்டம் காட்டியது. ஆனால் ரோம் சிப்புக்கு விலை அதிகம், இடம் குறைவு. 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கிய ஆட்டம்.

இடப் பஞ்சத்துக்குத் தீர்வாக வந்தது சிடி. நின்டெண்டோவின் அடுத்த பெட்டியான சூப்பர் ஃபேமிகாமுக்கு ஒலிச் சிப் வடிவமைத்துக் கொடுத்தவர் சோனியின் கென் குடராகி. அந்த உறவிலிருந்து, அதே பெட்டிக்கு ஒரு சிடி டிரைவைச் சேர்க்கும் ஒப்பந்தமும் பிறந்தது. 1991 ஜூனில் சிகாகோ மின்னணுக் கண்காட்சியில் சோனி அதை அறிவித்தது. மறுநாளே, தன் கூட்டாளி பிலிப்ஸ் என்று அதே கண்காட்சியில் நின்டெண்டோ அறிவித்தது. ஒப்பந்தப்படி சிடி விளையாட்டுகளின் வருமானத்தில் பிடி சோனியின் கைக்குப் போகும் என்பதுதான் நின்டெண்டோவின் அச்சம். கைவிடப்பட்ட சோனி தனியாகவே இறங்கியது. 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் பிளேஸ்டேஷன் வெளியானது. சேகாவின் சாட்டர்ன் அதற்கு 11 நாள் முன்பே, நவம்பர் 22-ல் வந்திருந்தது. இரண்டும் சிடி. 1996 ஜூன் 23 அன்று வந்த நின்டெண்டோ 64 மட்டும் கேசட்டை விடவில்லை.

காகிதத்தில் பார்த்தால் நின்டெண்டோ 64 பலசாலி. அதன் பிராசசர் 93.75 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பிளேஸ்டேஷனுடையது 34 மெகாஹெர்ட்ஸுக்கும் சற்றுக் குறைவு. ஆனால் திரையில் கதை வேறு. படப்பரப்பின் மேல் போர்த்தும் தோற்றத்துண்டுகளை வைக்க நின்டெண்டோவின் கிராபிக்ஸ் சிப்புக்குள் இருந்த இடம் 4 கிலோபைட்தான். அதனால் சுவரும் தரையும் மங்கலாகக் குழைந்து தெரியும். பிளேஸ்டேஷனில் அவை கூர்மையாகத் தெரியும். ஆனால் தூரத்துக்கேற்பத் திருத்தும் கணக்கு வன்பொருளில் இல்லாததால், நடக்க நடக்கச் சுவர்கள் நெளியும். பழைய பிளேஸ்டேஷன் கேமை இன்று ஓட்டினாலும் அந்த நெளிவை உடனே பார்க்கலாம்.

சாட்டர்னின் சிக்கல் வேறு விதம். உள்ளே ஹிட்டாச்சியின் இரண்டு பிராசசர்கள். இரண்டையும் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் வேலை வாங்குவது பெரும்பாடு; ஒன்றை மட்டும் வைத்து வேலையை முடித்தவர்களும் உண்டு. தட்டையான இருபரிமாண விளையாட்டுகளில் அது அசத்தியது, முப்பரிமாணத்தில் மூச்சு வாங்கியது. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் இ3 கண்காட்சியில், 399 டாலருக்கு இன்றே கடையில் கிடைக்கும் என்று சேகா திடீரென அறிவித்தது. பின்னர் மேடையேறிய சோனி அதிகாரி 299 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

இப்போது முக்கியக் கணக்குக்கு வருவோம். சிடியின் கொள்ளளவு சுமார் 650 மெகாபைட். நின்டெண்டோ 64 கேசட் 4 மெகாபைட்டில் தொடங்கி 64-உடன் முடிந்தது. கேசட் செய்யும் செலவு சிடியைவிடப் பல மடங்கு. அதைவிடப் பெரிய வேறுபாடு நேரம். கேசட்டுக்கு வாரக்கணக்கில் முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லிப் பணமும் கட்ட வேண்டும். கேம் ஓடாவிட்டால் கிடங்கில் தேங்குவது வெளியீட்டாளரின் முதல். சிடியைக் கொஞ்சமாக அச்சிட்டு, விற்றால் மேலும் அச்சிடலாம். ஆகவே புதிய யோசனையோடு வந்த சின்ன நிறுவனங்கள் துணிந்து இறங்கிய இடம் பிளேஸ்டேஷன்.

பெரிய நிறுவனங்களும் நகர்ந்தன. 'ஃபைனல் ஃபேண்டஸி' வரிசையின் முதல் ஆறு பாகங்களையும் நின்டெண்டோ பெட்டிகளுக்கே செய்த ஸ்கொயர், ஏழாம் பாகத்தை பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. 1997 ஜனவரி 31-ல் அது மூன்று சிடிகளில் வெளியானது. திரைப்படம்போல ஓடும் காட்சிகள் நிறைந்த அந்த ஆட்டத்தை எந்தக் கேசட்டும் தாங்கியிருக்காது. அதே மாதம் எனிக்ஸும் தன் 'டிராகன் குவெஸ்ட்' ஏழாம் பாகம் பிளேஸ்டேஷனில்தான் என்று அறிவித்தது. ஜப்பானில் போட்டி அத்தோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

ஆனால் கேசட் தோற்றது என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது நியாயமில்லை. பிளேஸ்டேஷனின் சிடி டிரைவ் நொடிக்கு 300 கிலோபைட் படிக்கும். அதன் 2 மெகாபைட் நினைவகத்தை ஒருமுறை நிரப்பவே ஏழு நொடி வேண்டும். 'ரெசிடென்ட் ஈவில்' ஆட்டத்தில் கதவு மெல்லத் திறக்கும் காட்சி அந்தக் காத்திருப்பை மறைக்கத்தான். திகிலைக் கூட்டியதால் அது ரசிகர்கள் நினைவில் நின்றது. நின்டெண்டோ 64-க்கு 1998-ல் வந்த 'செல்டா: ஒகரினா ஆஃப் டைம்' 32 மெகாபைட் கேசட்டுக்குள், ஹைரூல் சமவெளியிலிருந்து ஊருக்குள்ளும் ஊரிலிருந்து வீட்டுக்குள்ளும் காக்கவைக்காமல் கூட்டிப்போனது. அந்தப் பெட்டியின் முகப்பிலேயே நான்கு கன்ட்ரோலர் இடங்கள். நான்கு பேர் கூடி விளையாட வேறெதுவும் வாங்க வேண்டாம்.

இந்தக் காலத்தின் மிகப் பெரிய கைவேலையாக நான் மதிப்பது வேறொன்று. பிளேஸ்டேஷனில் இரண்டு சிடிகளில் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 2' ஆட்டத்தை 1999-ல் ஏஞ்சல் ஸ்டுடியோஸ் ஒரே 64 மெகாபைட் கேசட்டுக்குள் கொண்டுவந்தது. வீடியோக் காட்சிகளையும் சேர்த்துத்தான். படங்களைச் சுருக்கினார்கள், ஒலியைச் சுருக்கினார்கள், சுருக்கியதை விரிக்கும் வேலைக்கு அந்த வேகமான பிராசசரைப் பயன்படுத்தினார்கள். குறைந்த இடத்தில் நிறைவாகச் செய்யும் அந்தத் திறமைக்கு எந்த விற்பனைப் பட்டியலிலும் கட்டம் கிடையாது.

என் மேசையில் இந்த வேறுபாடு வேறு விதமாகத் தெரியும். பிளேஸ்டேஷன் வந்தால் பெரும்பாலும் லென்ஸ் போயிருக்கும். ஆரம்ப மாடல்களில் பிளாஸ்டிக் தடம் தேய்ந்து, சூட்டில் வளைந்து, பெட்டியைக் கவிழ்த்து வைத்தால்தான் படிக்கும். நின்டெண்டோ 64 வந்தால் கன்ட்ரோலரின் குச்சி தேய்ந்து உள்ளே வெள்ளைப் பொடி உதிர்ந்திருக்கும். கேசட்டுக்குத் தேவை, பித்தளை நிறக் கால்களை ஆல்கஹால் தொட்டுத் துடைப்பதுதான். 'ஒகரினா' போன்ற கேசட்டுகளில் சேமிப்பைக் காக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துபோகும். சேமித்தது அழியும், ஆட்டம் அழியாது. சிடியில் ஆழக் கீறல் விழுந்துவிட்டால் ஆட்டமே போச்சு.

சிடிக்கு நம் ஊரில் இன்னொரு முகமும் உண்டு. போர்டில் ஒரு சின்னச் சிப்பை சால்டர் செய்துவிட்டால் நகல் வட்டும் ஓடும். ரிச்சி தெரு, பர்மா பஜார் பக்கம் போனவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. அசல் விலை கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் அதனால்தான் அந்த உலகத்தைப் பார்த்தார்கள். அந்த ஆட்டங்களை உருவாக்கியவர்களுக்கு அதில் ஒரு பைசா போகவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தை எடைபோட வேண்டும்.

முடிவில் பிளேஸ்டேஷன் 10 கோடிக்கும் மேல் விற்றது. நின்டெண்டோ 64 சுமார் 3 கோடியே 29 லட்சம். சாட்டர்ன் ஒரு கோடியை எட்டவில்லை. 2001-ல் நின்டெண்டோவும் கேம்கியூபில் சிறிய வட்டுக்கு மாறியது. ஆனால் பிளாஷ் நினைவகம் மலிவான பிறகு, 2017-ல் ஸ்விட்ச் பெட்டியில் கேம் மீண்டும் கையடக்க அட்டையில் வந்தது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இல் சில அட்டைகளுக்குள் ஆட்டமே இல்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள அனுமதி தரும் சாவி மட்டுமே. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பெட்டியில் வட்டு போடும் வாயே கிடையாது.

இறக்கிக்கொள்வது வசதிதான், கீறல் இல்லை, லென்ஸ் இல்லை, கடைக்கு அலைய வேண்டாம். ஆனால் 2023 மார்ச் 27 அன்று வீ யூ, 3டிஎஸ் பெட்டிகளின் இணையக் கடையில் விற்பனையை நின்டெண்டோ நிறுத்தியது. அங்கே மட்டும் கிடைத்த பல ஆட்டங்களை இன்று முறையாக வாங்க வழியே இல்லை. தேய்ந்த குச்சியை மாற்றுவேன், பேட்டரியை மாற்றுவேன், லென்ஸைச் சரிசெய்வேன். மூடிய கடைக்கு என்னிடம் கருவி இல்லை.

அதனால்தான் வருகிறவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன். கம்பெனி கதவைச் சாத்திய பிறகும் இந்த ஆட்டம் ஓடுமா? நண்பனுக்குக் கொடுத்து வாங்க முடியுமா? பழுதானால் யாராவது திறந்து பார்க்க முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் சொல்லும் பெட்டி கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் அதையே வாங்குங்கள்.