போர் ஓய்ந்த பிறகு ஏற்றிய விளக்கு

புதுச்சேரியின் பழைய கலங்கரை விளக்கம் முதன்முதலாக எரிந்தது 1836 ஜூலை 1 அன்று. பிரெஞ்சுக்காரர் அந்த ஊரில் கால் ஊன்றியதோ 1674இல். நடுவே 160 ஆண்டுகளுக்கும் மேல் கப்பல்கள் வந்தன, துணி ஏற்றிச் சென்றன, கரையோரம் நங்கூரமிட்டு இரவைக் கழித்தன. நிலையான கோபுர விளக்கு ஒன்று மட்டும் எழவில்லை. உயரத்தில் தீ மூட்டிக் கலங்களை அழைப்பது இந்தக் கரைக்குப் புதிய வித்தையும் அல்ல. தொண்டை நாட்டுத் துறை ஒன்றில் இரவில் ஏற்றப்பட்ட சுடரைச் சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையே பாடியிருக்கிறது. அறிவும் இருந்தது, வணிகமும் இருந்தது. பிறகு ஏன் இத்தனை தாமதம்? கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. திரும்பி நின்று திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் பார்க்க வேண்டும். கரைக்குப் பின்னால் உள்ள நிலம் யாருடையது என்ற சண்டை தீரும்வரை கரையில் விளக்கு ஏற்ற யாரும் துணியவில்லை என்பதே என் வாதம்.

விளக்கு இல்லாத காலத்தில் மாலுமிகள் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடவில்லை. சோழமண்டலக் கரை தாழ்ந்தது, மணல் நிறைந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் வேற்றுமை தெரியாது. அதனால் மேடான எதுவும் அடையாளமாயிற்று. புதுச்சேரிக்கு வடமேற்கே, இன்றைய வானூர் வட்டத்தில் பரந்து கிடக்கும் செம்மண் மேடு அப்படிப்பட்ட ஓர் அடையாளம். கரையை நெருங்கும்போது ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழத்தை அளந்தார்கள். குண்டின் அடியில் தடவிய கொழுப்பில் ஒட்டிவரும் மணலையும் சேற்றையும் பார்த்து அடித்தரையின் தன்மையை அறிந்தார்கள். வங்கத்து ஊக்ளி ஆற்றைப் போல மிதவைகள் இட்டுக் காட்டவேண்டிய குறுகலான நீர்வழி இங்கே இல்லை. இயற்கைத் துறைமுகமும் இல்லை. கப்பல் திறந்த கடலில் நிற்கும். அலை முறியும் இடத்தைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கொண்டுசேர்த்தவர்கள் மசூலாப் படகோட்டிகளும் கட்டுமரக்காரர்களும்தான்.

ஆனால் கப்பலுக்கு வழிகாட்டிய அதே மேடு, கோட்டையை முற்றுகையிட வந்தவனுக்கும் இடம் கொடுத்தது. 1778 ஆகஸ்டில் ஹெக்டர் மன்றோவின் ஆங்கிலப் படை புதுச்சேரியைத் தாக்கும் முன் கூடாரம் அடித்தது அந்தச் செம்மண் மேட்டில்தான். அதற்கு முன்பே 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படையை வென்ற ஆங்கிலத் தளபதி அயர் கூட், நேராகப் புதுச்சேரிக்கு ஓடவில்லை. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியிலுள்ள பெருமுக்கல் குன்றுக்கோட்டையைப் பிடித்தார். 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கொடையாகக் கிடைத்த ஆலம்பரைக் கடற்கோட்டையைப் பிடித்தார். விழுப்புரம் பக்கத்து வழுதாவூரைப் பிடித்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி பணிந்தது; ஏப்ரலில் செஞ்சிக் கோட்டையும் விழுந்தது. குன்று, கோட்டை, கரை மூன்றும் ஒரே சங்கிலி என்பது அந்தப் படையெடுப்பின் வரிசையிலேயே தெரிகிறது. 1693இல் டச்சுக்காரர், பிறகு 1761, 1778, 1793 ஆண்டுகளில் ஆங்கிலேயர் என்று புதுச்சேரி மீண்டும் மீண்டும் கைமாறியது. நாளை யார் கையில் இருக்கும் என்று தெரியாத கரையில் நிலையான விளக்கு எதிரிக்கும் வழி சொல்லும். கொடியை இறக்கிவிடலாம், கூடாரத் தீயை அணைத்துவிடலாம். கல்லால் எழுப்பிய கோபுரத்தை ஒளித்துவைக்க முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் முதல் விளக்கு எரிந்தது 1796இல். அது பிரான்சோடு போர் நடந்துகொண்டிருந்த காலம். போர்தான் தடை என்றால் சென்னை எப்படி ஏற்றியது? அந்த ஆண்டின் கரையைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. புதுச்சேரி 1793இல் ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. டச்சுக்காரரின் நாகப்பட்டினம் 1781லும், பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் 1795லும் விழுந்துவிட்டன. கடலில் எதிரிக் கப்பல்கள் இன்னும் திரிந்தன. கரையில் எதிரிக்கு ஊர் இல்லை. அங்கே முடிந்திருந்தது நிலத்துக்கான போட்டி. விளக்கு அதற்காகத்தான் காத்திருந்தது. ஆகவே சென்னையின் எடுத்துக்காட்டு என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது.

தொழில்நுட்பம் வளரவேண்டியிருந்தது, அதுதான் காரணம் என்பார்கள் சிலர். விளக்கொளியைக் குவித்துத் தூரம் அனுப்பும் பிரெனெல் வில்லை 1820களில் பிரான்சில் வந்தது உண்மை. ஆனால் சென்னையின் முதல் விளக்கு தேங்காய் எண்ணெயில் எரிந்தது. புதுச்சேரியும் எண்ணெய் விளக்குகளையும் ஒளியைத் திருப்பும் தகடுகளையும் வைத்தே தொடங்கியது. கப்பல்களுக்கு அவ்வளவு அவசியம் இருக்கவில்லை என்பது இன்னொரு மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. ஐப்பசி, கார்த்திகைப் புயல்களுக்கு அஞ்சிப் பல கப்பல்கள் இந்தக் கரையை விட்டே விலகின. விலகாமல் நின்றவற்றை எந்த விளக்கும் காப்பாற்றியிருக்காது. 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கடற்படையைப் புயல் சிதறடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஆனாலும் மற்ற மாதங்களில் இரவு ஆபத்தானதுதான். நீரோட்டம் பருவத்துக்கேற்ப வடக்கும் தெற்குமாக இழுக்கும். இருளில் துறையைத் தவறவிட்ட பாய்க்கப்பல் எதிர்க்காற்றில் திரும்பி வர நாள்கணக்கில் போராடவேண்டும். தேவை எப்போதும் இருந்தது. அதை நிறைவேற்றும் துணிவுதான் இல்லை.

அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்பதை 1814 பாரிஸ் உடன்படிக்கை காட்டுகிறது. புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பியது. ஆனால் கோட்டை கட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு. 1816இல் ஒப்படைக்கப்பட்ட ஊர், படைத்தளம் என்ற நிலையை இழந்து வணிகத்துறையாக மட்டும் மிஞ்சியது. சுற்றியிருந்த தென்னார்க்காடு முழுவதும் ஆங்கிலேயரிடம். இனி யாரும் யாரிடமிருந்தும் பிடுங்க எதுவும் இல்லை. அதன் பிறகே 27 மீட்டர்க் கோபுரம் எழுந்தது. 1866இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் வந்தது; 1879இல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்தது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை மூட்டையாக மார்செய்க்குப் போனது. செஞ்சியும் பெருமுக்கல்லும் போர்க்களமாக இருந்த நாட்டில் இப்போது விளைச்சலைத் துறைக்கு இழுக்கும் பாதைகள் ஓடின. எல்லை தெளிவானதும் வெளிச்சம் வந்தது, வெளிச்சத்தின் பின்னே சரக்கு வந்தது. அமைதி குலைந்தால் விளக்கு மறுபடி எதிரிக்கு உதவும் என்பதற்கும் சான்று உண்டு: 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டபோது சென்னை நகரின் விளக்குகள் அணைக்கப்படாமல் இருந்தன.

புதுச்சேரி விளக்கை அமைதியின் வெற்றி என்று மட்டும் எழுதினால் வரலாற்றுக்குத் துரோகம் செய்தவர்களாவோம். அது வென்றவர் திணித்த அமைதி. அந்த விளக்கின் கீழிருந்துதான் ஒப்பந்தக் கூலிகளும் பிரெஞ்சுத் தீவுகளான ரெயூனியனுக்கும், 1850களிலிருந்து மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பல் ஏறினார்கள். மல்லாட்டையை ஏற்றிச் சென்ற அதே ஒழுங்கு மனிதரையும் ஏற்றிச் சென்றது. ஆகவே கலங்கரை விளக்கத்தை மாலுமிகளின் மீது கொண்ட கருணையின் நினைவுச்சின்னம் என்று கொண்டாடுவது போதாது. 1836க்கு முந்தைய அத்தியாயம் பெருமுக்கல் குன்றிலும் ஆலம்பரை இடிபாடுகளிலும் வானூரின் செம்மேட்டிலும் இருக்கிறது. பிந்தைய அத்தியாயம் கடல் கடந்து போனவர்களின் வாழ்வில் இருக்கிறது. கடல்வழி வரலாறு துறைமுக நகரங்களுக்கே சொந்தம் என்று ஒதுக்கிவைக்காமல், விழுப்புரம் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். அப்போதுதான் விளக்கு யாருக்காக எரிந்தது என்ற கேள்வியை அவர்கள் தாங்களாகவே கேட்பார்கள்.