ஆம்பூரில் பட்ட குண்டும் அளந்து போட்ட மருந்தும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை டெக்சாஸிலிருந்து வீடியோ கால். 1991-ல் பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவன். பெயர் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்டான். வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது வாணியம்பாடியில் இருக்கும் அவன் அம்மாவுக்குத் தெரியாதாம். கார் ஷெட்டில் ஒரு மேஜை. அதன் மேல் நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று, ஒரு கை அழுத்து இயந்திரம், வரிசையாகப் பித்தளைத் தோட்டாக் கூடுகள். பக்கத்துப் பண்ணைக்காரரின் நிலத்தில் தரையைக் குடைந்து வளை போடும் சிறு விலங்குகள் அதிகமாம். மாடும் குதிரையும் வளையில் கால் மாட்டி ஒடித்துக்கொள்ளும் என்று பண்ணைக்காரர்கள் பயப்படுவார்களாம். அவற்றைச் சுட இவன் சின்னக் குழல் ரைபிள் ஒன்று வைத்திருக்கிறான். அதன் குண்டு 5.7 மில்லிமீட்டர்கூட இருக்காது.

"கடையில தோட்டா கிடைக்காதாடா?" என்று கேட்டேன்.

"கிடைக்கும் சார். ஆனா என் துப்பாக்கிக்கு எது ஒத்துப்போகுதுன்னு நானே பார்த்துச் செய்யறேன்" என்றான். சுட்ட கூட்டைக் கழுவி, புது கேப்பு பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை அதே ஆழத்துக்கு அழுத்துவானாம். மருந்தின் எடையைத் துளித்துளியாக மாற்றி, ஒவ்வொரு எடைக்கும் ஐந்து தோட்டா. 100 கஜத்தில் காகிதத்தில் சுட்டு, எந்த எடையில் ஐந்து துளையும் நெருங்கி விழுகின்றன என்று பார்ப்பானாம். அவன் நிறுக்கும் அளவுக்கு 'கிரெய்ன்' என்று பெயர். ஒரு கிரெய்ன் என்பது 0.065 கிராம், அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறான். குண்டின் வேகத்தை அளக்க ஒரு கருவியும் இருக்கிறது.

என்னிடம் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இது புரியும். முகாமில் .22 ரைபிள் கொடுத்தபோது நான் என்ன கத்துவேன்? "நடுவில் பட்டதா என்று பார்க்காதே, ஐந்தும் ஒரே இடத்தில் பட்டதா என்று பார்!" ஐந்தும் ஓரமாக விழுந்தாலும் ஒரே இடத்தில் விழுந்தால் குறியைத் திருத்திவிடலாம். சிதறினால் திருத்த ஒன்றுமில்லை.

கடைசியில் அவன் கேட்டான்: "சார், இந்த மாதிரி அளந்து அளந்து பார்க்கறது நம்ம பக்கம் எப்பவாவது இருந்ததா?"

"யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. 1984-ல் ஒரு பையன் கேட்ட கேள்விதான் உடனே ஞாபகம் வந்தது.

எட்டாம் வகுப்பு. கர்நாடகப் போர்கள் பாடம். நம்ம ஊர் பெயர் புத்தகத்தில் வருகிறதே என்ற பெருமையில் நான் சற்று அதிகமாகவே நடத்துவேன். 1749 ஆகஸ்ட் 3. ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் ஆம்பூர்க் கணவாயை அடைத்து நிற்கிறார். எதிரே சந்தா சாகிப், முசாபர் ஜங், அவர்களோடு புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படை. நவாப் மிகவும் வயதானவர். யானை மேல் இருந்தார். சந்தா சாகிப் இருந்த பக்கம் யானையை விரட்டச் சொன்னார். அப்போது ஒரு குண்டு மார்பில் பாய்ந்தது. சுட்டவன் பிரெஞ்சுப் பக்கம் இருந்த ஆப்பிரிக்க வீரன் ஒருவன் என்று ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். நவாபின் மூத்த மகன் மாபூஸ் கான் பிடிபட்டார். இன்னொரு மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். அவரைத் துரத்திப் போனதில்தான் திருச்சி முற்றுகை, அதிலிருந்துதான் கிளைவின் ஆற்காடு. இத்தனையும் ஒரு குண்டிலிருந்து என்று நாடகபாணியில் முடித்தேன்.

கடைசி வரிசையில் ஒரு நரிக்குறவர் வீட்டுப் பையன் எழுந்தான். "சார், எவ்ளோ தூரத்துல இருந்து சுட்டாங்க?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். "பரீட்சைக்கு அது வராது, உட்கார்" என்றேன்.

பொங்கலுக்குப் பிறகு அவன் வரவில்லை. என் பேச்சுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பாசிமணி விற்கக் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகிறவர்கள். ஆனால் அது காரணமே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. ஒரு சனிக்கிழமை பாலாற்றங்கரையில் அவர்கள் கூடாரம் போட்டிருந்த இடத்துக்குப் போனேன். பையன் இல்லை. அவன் அப்பா இருந்தார்.

அவர் நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தார். கடலைக் கொல்லை காவலுக்கு யாரோ கூப்பிட்டிருந்தார்களாம். பன்றி தொல்லை. நான் நின்று பார்த்தேன். மருந்தை ஒரு சின்ன மூங்கில் குழாயில் எடுத்து, விரலால் மேலே வழித்துவிட்டுத்தான் குழலில் கொட்டினார். மேலே தேங்காய் நாரை உருட்டிப் போட்டார். பிறகு ரவை, அதற்கு வேறு மூங்கில். மேலே மறுபடி நார். கம்பியால் குத்தும்போது உதடு அசைந்தது. எண்ணுகிறார்! வாக்ரிபோலியில் எண்ணினார். பிறகு ஒரு பழைய தினத்தந்தித் தாளை வேலிக்காத்தான் முள்ளில் மாட்டி, நடந்து அளந்து தள்ளி நின்று சுட்டார். தாளைக் கொண்டுவந்து துளைகளைத் தடவிப் பார்த்தார். திருப்தி இல்லை. நாரைக் கொஞ்சம் குறைத்து, மறுபடி எல்லாம் முதலிலிருந்து.

"எதுக்கு ஒவ்வொரு தடவையும் எண்ணறீங்க?" என்றேன்.

"இன்னிக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி குத்தினா, துப்பாக்கி எப்படி சாமி ஒரே மாதிரி போடும்?" என்றார்.

பையனைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையாட்டினார். அவன் வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன். தேடப் போய் இன்னொரு மனிதர் கிடைத்தார். பெஞ்சமின் ராபின்ஸ். 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த கணித அறிஞர். துப்பாக்கிக் குண்டு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அதுவரை யாரும் சரியாக அளந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி அளப்பது? அவர் கனமான ஓர் ஊசலைத் தொங்கவிட்டு, அதன் மரப்பலகையில் சுட்டார். குண்டு பலகையில் புதைந்ததும் ஊசல் பின்னால் போகும். எவ்வளவு தூரம் போயிற்று என்பதை ஒரு நாடா காட்டும். ஊசலின் எடையும் குண்டின் எடையும் தெரிந்தால் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். நொடிக்கு 1,600 அடிக்கு மேல் வந்தது, ஒலியை விட வேகம். மருந்தைக் கூட்டினால் எவ்வளவு ஏறுகிறது, குழல் நீண்டால் என்ன ஆகிறது என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். டெக்சாஸ்காரன் மேஜையில் இருக்கும் கருவிக்கு இந்த ஊசல்தான் பாட்டன். 1742-ல் புத்தகமாக வந்தது. அதை ஜெர்மன் மொழியில் விளக்கங்களோடு கொண்டுவந்தவர் யார் தெரியுமா? கணித மேதை ஆய்லர்.

இன்னொரு சோதனையும் செய்தார். மெல்லிய காகிதத் திரைகளைத் தள்ளித் தள்ளி நிறுத்தி, அவற்றின் வழியே சுட்டு, துளைகளைப் பார்த்தார். உருண்டைக் குண்டு நேராகப் போவதில்லை, சுழன்று வளைகிறது என்று காட்டினார். படித்தபோது தினத்தந்தித் தாள் கண்முன் வந்தது. அங்கே லண்டன் ராயல் சொசைட்டி, இங்கே வேலிக்காத்தான் முள். சொசைட்டி ராபின்ஸுக்கு 1746-ல் காப்ளி பதக்கம் கொடுத்தது.

1747-ல் குழலுக்குள் புரி வெட்டிய ரைபிள் பற்றி எழுதினார். அதன் தன்மையை முழுதாகப் புரிந்து, தன் படைக்குப் பழக்கும் நாடு மற்றவர்களை மிஞ்சிவிடும் என்பது அவர் கணிப்பு. கேட்டவர்கள் குறைவு. 1806-ல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கையில் இருந்ததும் புரியில்லாத மஸ்கட்தான். (அந்தக் கிளர்ச்சிக்குக் காரணங்களில் ஒன்று புதுத் தலைப்பாகையில் வைத்த தோல் குஞ்சம். தோல் ஊர்க்காரர்கள் நாம், அதை மறப்போமா?)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த ராபின்ஸைக் கிழக்கிந்தியக் கம்பெனி தலைமைப் பொறியாளராக நியமித்து, கோட்டைகளைச் சீர்செய்ய அனுப்பியது. 1750-ல் வந்து சேர்ந்தார். ஆம்பூர்ப் போர் நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1751 ஜூலை 29-ல் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். நாற்பத்து நாலு வயதுதான். 1758-ல் அந்தக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துவிட்டார்கள். தேவனாம்பட்டினம் பீச்சுக்கு உங்களை எத்தனை தடவை டூர் கூட்டிப்போயிருப்பேன்! சுண்டல் வாங்கித் தந்தேனே தவிர, இந்தப் பெயரைச் சொன்னேனா? எனக்கே தெரியாது.

சரி, பையனின் கேள்வி. அந்தக் காலச் சிப்பாயின் தோட்டா என்பது காகிதச் சுருள். உள்ளே மருந்தும் குண்டும். இடுப்புத் தோல்பெட்டியிலிருந்து எடுத்து, பல்லால் கடித்துக் கிழித்து, கொஞ்சத்தைப் பற்றவைக்கும் கிண்ணத்தில் தட்டி, மீதியைக் குழலில் கொட்டி, கம்பியால் இறக்க வேண்டும். சுருளில் மருந்தை அளந்துதான் கட்டியிருப்பார்கள். ஆனால் அவசரத்தில் கிண்ணத்துக்கு எவ்வளவு போயிற்று, கீழே எவ்வளவு சிந்தியது என்று யார் கண்டது? குழலுக்குள் போகும் மருந்து வேட்டுக்கு வேட்டு மாறும். குண்டும் சீக்கிரம் இறங்கவேண்டும் என்று குழலைவிடச் சிறிதாக வார்த்திருப்பார்கள். உள்ளே இடித்து இடித்து எந்தப் பக்கம் சுழன்று வெளியேறும் என்று சொல்ல முடியாது. 100 கஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிவைத்துச் சுட்டுப் பயனில்லை. கூட்டமாக நின்று கூட்டத்தை நோக்கிச் சுடுவார்கள். ஆகவே கிட்டத்தில் இருந்துதான், பெரும்பாலும் 100 கஜத்துக்குள். இதுதான் என் பதில். வருவதற்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

பாலாற்றங்கரையில் பார்த்த துப்பாக்கியும் புரியில்லாததுதான், முன்னால் மருந்து போடுவதுதான். ஆனால் அவருக்கு அவசரமில்லை. அளந்தார், எண்ணினார், தாளில் பார்த்தார். 1972 வனவிலங்குச் சட்டம் அவர்களுடைய வேட்டைத் தொழிலை நிறுத்தியது. காட்டைக் காக்க அந்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தலைமுறையாக அதில் பிழைத்தவர்களுக்கு மாற்றாக என்ன கொடுத்தோம்? பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறவே 2022 டிசம்பர் ஆயிற்று. அந்தச் சட்டத்தில் முன்பு 5-ம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. தொல்லை தரும் உயிர்கள் என்று எலி, காக்கை, பழந்தின்னி வௌவால் எல்லாம் அதில் உண்டு. பன்றி அதில் இல்லை. கொல்லைக்காரர்களைக் கேளுங்கள், அவர்கள் பட்டியல் வேறு.

போன மாதம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்றுக்கொண்டிருந்த ஒருவர் "சார்!" என்று எழுந்தார். ஐம்பது தாண்டிய முகம். நான் கண்டுபிடிக்கவில்லை, அவர்தான் வகுப்பைச் சொன்னார். அப்பா காலமாகிவிட்டாராம். துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார்களாம். மகள் நர்சிங் படிக்கிறாளாம்.

டீ வாங்கிக்கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கேள்வி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சிரித்தார். இருந்தாலும் சொன்னேன்: மஸ்கட், காகிதத் தோட்டா, 100 கஜத்துக்குள் என்று எல்லாவற்றையும். கவனமாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "யானை நின்னுச்சா சார், நடந்துச்சா?"

"எதிரியைப் பார்த்து ஓட்டச் சொல்லியிருக்கார். நடந்துதான் இருக்கணும்."

டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ அது குறி பார்த்துச் சுட்டது இல்ல சார். பட்டது."