பேயின் நகக்கீறல்: மாஸ்டா நிறுவனத்தின் பெயரும் ரோட்டரி எஞ்சினும்

ஜப்பானியக் கார் என்றால் பழுதாகாது, பெட்ரோல் குடிக்காது, விற்கப் போனால் நல்ல விலை போகும் என்பது உலகெங்கும் ஊன்றிவிட்ட எண்ணம். டொயோட்டாவும் ஹோண்டாவும் தேடித்தந்த பெயர் அது. அதே நாட்டில் வளர்ந்த மாஸ்டாவுக்கு அந்தப் பெயர் நெடுங்காலம் ஒட்டவில்லை. பொறியாளர்கள் அதன் கார்களைக் கொண்டாடினார்கள்; பழைய கார் வியாபாரிகள் அவற்றை அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். நேரெதிரான இந்த இரண்டு பெயர்களுக்கும் வேர் ஒன்றுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். 1960இல் ஹிரோஷிமாவில் எடுக்கப்பட்ட ஒரு முடிவுதான் அந்த வேர். அது தொழில்நுட்ப முடிவு என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அதைத் தற்காப்புக்காக எடுத்த அரசியல் முடிவாகப் பார்த்தால்தான் பின்னால் நடந்தவை விளங்கும்.

தக்கையும் மூன்று சக்கரமும்

1920 ஜனவரியில் ஹிரோஷிமாவில் தொடங்கிய டோயோ கார்க் கோக்யோ, பெயர் சொல்வதுபோல, தக்கை செய்த நிறுவனம். மறு ஆண்டே அதன் தலைவரான ஜூஜிரோ மட்சுதா மீனவக் குடும்பத்தில் பிறந்து, ஒசாகாவில் கொல்லுப்பட்டறையில் தொழில் பழகியவர். தாமே வடிவமைத்த பம்பு ஒன்றால் முன்பே பெயர் பெற்றவர். தக்கை வியாபாரம் நொடித்தபோது அவர் கை இயல்பாக இரும்புக்குத் திரும்பியது. 1927இல் நிறுவனத்தின் பெயரிலிருந்து தக்கை நீங்கி டோயோ கோக்யோ ஆயிற்று. 1931இல் 482 சிசி எஞ்சினோடு முதல் மூன்று சக்கரச் சரக்கு வண்டி வெளிவந்தது. அதற்கு இட்ட பெயர்தான் மாஸ்டா. மட்சுதா என்ற குடும்பப் பெயரும், பாரசீகர்களின் ஒளிக்கடவுளான அகுர மஸ்தாவின் பெயரும் அதில் கலந்திருக்கின்றன. வண்டியின் பெயரே நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரானது 1984இல்தான்.

1945 ஆகஸ்ட் 6 ஜூஜிரோவின் எழுபதாவது பிறந்த நாள். நகரின் கிழக்கே ஃபுச்சுவில் இருந்த தொழிற்சாலை, குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தள்ளி, ஹிஜியாமா குன்றின் மறைவில் இருந்தது. கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின. ஆட்கள் தப்பவில்லை: நகருக்குள் இருந்த நிறுவன ஊழியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், ஜூஜிரோவின் மகன் ஒருவரும் அவர்களில் அடக்கம். மாகாண அரசு அலுவலகம் உட்படப் பல நிறுவனங்கள் ஃபுச்சு தொழிற்சாலைக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தன. அந்த டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டி உற்பத்தி மீண்டும் தொடங்கிவிட்டது. செங்கல்லும் மரமும் அரிசியும் சுமந்து நகரை மீட்டெடுத்ததில் அந்த வண்டிகளுக்குப் பங்குண்டு. ஹிரோஷிமா மக்கள் இந்த நிறுவனத்தைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகக் கருதத் தொடங்கியது இங்கிருந்துதான். முப்பது ஆண்டு கழித்து நிறுவனம் திவாலின் விளிம்பில் நின்றபோது அந்த உறவு கை கொடுத்தது.

1960: டோக்கியோ வைத்த பொறி

1951இல் தலைமைக்கு வந்த சுனேஜி மட்சுதாவின் காலத்தில் நிறுவனம் நான்கு சக்கரத்துக்கு மாறியது. 1960இல் வந்த ஆர்360 கூபே, 356 சிசி எஞ்சினோடு மூன்று லட்சம் யென்னுக்கு விற்ற குட்டிக் கார். நடுத்தரக் குடும்பங்கள் அள்ளிக்கொண்டு போயின. ஆனால் டோக்கியோவில் வேறு காற்று வீசியது. வெளிநாட்டுக் கார்களுக்குச் சந்தையைத் திறக்க வேண்டிய நாள் நெருங்குவதைக் கண்ட சர்வதேச வாணிப, தொழில் அமைச்சகம், சிறு சிறு கார் நிறுவனங்களைச் சில பெருங்குழுக்களாகத் தொகுத்துவிட விரும்பியது. 1961இல் அத்திட்டம் வெளிப்படையாயிற்று. அதற்காக 1963இல் கொண்டுவரப்பட்ட மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை என்பது பிறகு நடந்த கதை. 1960இல் ஹிரோஷிமாவிலிருந்து பார்த்தவருக்கு, டொயோட்டாவுக்கோ நிஸ்ஸானுக்கோ வாலாகிவிடும் நாள் தொலைவில் இல்லை என்றே தெரிந்தது.

வேறு எவரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இருந்தால்தான் தனித்து நிற்க முடியும் என்று சுனேஜி கணக்குப் போட்டார். ஜெர்மனியின் நெக்கர்சுல்ம் ஊரில் இருந்த என்.எஸ்.யு. நிறுவனம், ஃபெலிக்ஸ் வாங்கெல் கண்டுபிடித்த ரோட்டரி எஞ்சினை அப்போதுதான் உலகுக்கு அறிவித்திருந்தது. மேலும் கீழும் அடிக்கும் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. இடுப்பு ஒடுங்கிய கூடு ஒன்றுக்குள் முக்கோணச் சுழலி ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். எடை குறைவு, அதிர்வு குறைவு, உறுப்புகளும் குறைவு. 1960 அக்டோபரில் சுனேஜி நேரில் ஜெர்மனி சென்று ஒப்பந்தம் போட்டார். ஜப்பான் அரசின் அனுமதி 1961 ஜூலையில் வந்தது. உரிமத்துக்கு 28 கோடி யென் தர வேண்டும். போதாததற்கு, டோயோ கோக்யோ இந்த எஞ்சினில் புதிதாகக் காப்புரிமை பெறுபவற்றையும் என்.எஸ்.யு.வோடு பகிர வேண்டும். வாங்கியவருக்குச் சாதகமான ஒப்பந்தம் அல்ல அது. முடிவு பெறாத ஒரு பொருளுக்கு ஒரு நிறுவனம் இவ்வளவு கொடுக்கச் சம்மதித்ததற்குத் தற்காப்பைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியவில்லை.

கூட்டின் உட்சுவரில் விழுந்த வரிகள்

வாங்கி வந்த எஞ்சின் ஓடியது, ஆனால் நிலைக்கவில்லை. மெதுவாக ஓடும்போது வண்டியையே குலுக்கியது. எண்ணெய் கசிந்து வெள்ளைப் புகை கக்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுமார் 200 மணி நேர ஓட்டத்துக்குப் பின் பிரித்துப் பார்த்தால், கூட்டின் பளபளப்பான குரோமியப் பூச்சில் சலவைப் பலகையின் வரிகளைப்போல் பள்ளம் பள்ளமாகக் கீறல். ஆற்றல் அதோடு சரிந்துவிடும். ஹிரோஷிமாப் பொறியாளர்கள் அந்த வரிகளைப் பேயின் நகக்கீறல் என்றார்கள். இந்தக் குறையை என்.எஸ்.யு. அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

1963 ஏப்ரலில் இதற்கென்றே தனி ஆராய்ச்சித் துறை அமைந்தது. தலைவர் கெனிச்சி யமமோட்டோ. அவரோடு சேர்த்து 47 பேர் என்பது நிறுவனத்தில் வழங்கும் கணக்கு. தம் தலைவனுக்காக உயிர் கொடுத்த அகோவின் 47 சாமுராய்களின் கதை ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும். அந்த ஒப்பீட்டை யமமோட்டோவே பயன்படுத்தினார். யமமோட்டோ போர்க்காலத்தில் விமானம் வடிவமைத்தவர். தங்கையைக் குண்டுவெடிப்பில் இழந்து, இடிந்த ஊருக்குத் திரும்பி, இதே தொழிற்சாலையில் கியர்பெட்டி பூட்டும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கினார். இந்த எஞ்சின் தேறாது என்று அறிஞர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், வடிவமைப்பாளராக உயர்ந்திருந்த அவரிடம் இப்பொறுப்பு வந்தது.

கீறலின் காரணம் கண்டறியப்பட்ட விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பின்னாளில் நிறுவனம் பெற்ற பெயர் இந்தச் சில ஆண்டுகளின் வேலைமுறையில் முளைத்தது. சுழலியின் மூன்று முனைகளிலும் கூட்டுச்சுவரை ஒட்டித் தேய்த்துக்கொண்டு போகும் மெல்லிய அடைப்புப் பட்டைகள் உண்டு. எரிவாயு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கசியாமல் காப்பது அவைதான். பட்டை மென்மையாக இருந்தால் தேய்ந்துபோகும், கடினமாக இருந்தால் சுவரைக் கீறும் என்று முதலில் எண்ணிப் பொருளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பல உலோகக் கலவைகளோடு மாட்டெலும்பு, குதிரை எலும்பு வரை சோதித்ததாகச் சொல்வார்கள். விடை கடினத்தில் இல்லை, அதிர்வில் இருந்தது. பட்டை தன் இயல்பான அதிர்வெண்ணில் துடிக்கும்போது ஒவ்வொரு துடிப்பும் சுவரில் ஒரு வரியை விட்டுச் செல்கிறது. பட்டைக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அதிர்வெண்ணை மாற்றியதும் கீறல் நின்றது. தொழிற்சாலையில் பெருமளவில் செய்ய அந்த வடிவம் ஒத்துவராது என்பதால், நிப்பான் கார்பன் நிறுவனத்தோடு சேர்ந்து, அலுமினியம் ஊட்டிய கரிப்பட்டை ஒன்றை உருவாக்கினார்கள். புகைக்கும் குலுக்கலுக்கும் எண்ணெய் அடைப்பு, பக்கவாட்டுக் காற்றுவழி, ஒன்றுக்கு இரண்டாகச் சுழலிகள் என்று வேறு வேறு தீர்வுகள் வந்தன.

1964 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் இந்த எஞ்சின் பூட்டிய காஸ்மோ ஸ்போர்ட் கார் காட்டப்பட்டது. உடனே விற்றுவிடவில்லை. சோதனைக் கார்கள் அறுபதை நாடெங்கும் ஓடவிட்டு, குறைகளைத் திருத்தி, 1967 மே 30 அன்றுதான் விற்பனைக்கு விட்டார்கள். 982 சிசி, 110 குதிரைத்திறன், விலை 14.8 லட்சம் யென். மொத்தம் கட்டப்பட்டவை 1,176. மறு ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் 84 மணி நேர ஓட்டத்தில் நான்காவதாக வந்தது.

அதே 1967இல் என்.எஸ்.யு. தன் ரோ80 காரை வெளியிட்டது. ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் விருதும் பெற்றது. ஆனால் முனை அடைப்பு தேய்ந்து எஞ்சின்கள் திரும்பத் திரும்பக் கெட்டன. மாற்றிக் கொடுத்தே நிறுவனம் தளர்ந்தது. 1969இல் வோக்ஸ்வாகன் குடும்பத்துக்குள் கரைந்தது. கண்டுபிடித்தவர் வீழ்ந்து உரிமம் வாங்கியவர் நின்றதற்கு, கீறலின் காரணம் தெரியும்வரை காரை விற்காமல் பொறுத்த அந்த ஆண்டுகளே காரணம் என்பது என் முடிவு.

பெட்ரோல் விலையேறிய குளிர்காலம்

தற்காப்புக்கு வாங்கிய ஆயுதமே 1970களின் தொடக்கத்தில் நிறுவனத்தின் முழு வியாபாரமாகிவிட்டது. ஃபமிலியா, கபெல்லா, சவான்னா என்று சாதாரணக் குடும்பக் கார்களிலும் ரோட்டரி புகுந்தது. 1970 முதல் அமெரிக்காவுக்கும் போனது. அங்கே வரவேற்பு எதிர்பார்ப்புக்கு மேல் இருந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளை மற்றவர்கள் பலருக்கு முன்பே எட்டியதும் மதிப்பைக் கூட்டியது. சுனேஜி 1970இல் மறைய, அவர் மகன் கோஹெய் தலைவரானார். யாரும் பிரேக்கில் கால் வைக்கவில்லை.

1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. ரோட்டரியின் எரியறை நீண்டு ஒடுங்கியது; வெப்பம் சுவர் வழியே வீணாகும், எரிபொருளும் முழுதாக எரியாது. புகையை எரித்துத் தீர்க்கக் கூடுதல் பெட்ரோலும் வேண்டியிருந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, மாஸ்டா நகர ஓட்டத்தில் கேலனுக்கு 11 மைல் அளவே ஓடும் என்று அறிவித்தது. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. நிறுவனம் அந்தக் கணக்கை மறுத்துப் போராடிப் பயனில்லை. பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்ற அமெரிக்கர் ஒருவருக்கு அந்த ஓர் எண் போதும். 1974இல் அமெரிக்க விற்பனை ஏறத்தாழப் பாதியானது. விற்காத கார்கள் குவிந்தன. 1975 கணக்காண்டின் நட்டம் 1,730 கோடி யென்.

காப்பாற்றியது சுமிட்டோமோ வங்கி. கடனுக்குப் பொறுப்பேற்றதோடு, 1976இல் தன் அதிகாரி சுட்டோமு முராயைத் துணைத் தலைவராக அனுப்பியது. 1977 முடிவில் கோஹெய் மட்சுதா விலக, மூன்று தலைமுறைக் குடும்ப ஆட்சி முடிந்தது. எவரிடமும் போய்ச் சேராமல் இருக்க வாங்கிய எஞ்சின், கடைசியில் வங்கியின் கைக்கே நிறுவனத்தைக் கொண்டுசேர்த்தது. நிரந்தரத் தொழிலாளர்களை வெளியே தள்ளாமல், ஆயிரக்கணக்கானோரைக் கார் விற்க அனுப்பினார்கள். நேற்றுவரை திருகாணி முடுக்கியவர்கள் முகம் தெரியாத ஊர்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். ஹிரோஷிமாவில் உள்ளூர் நிறுவனங்களும் சங்கங்களும் மாஸ்டாவையே வாங்குவோம் என்று இயக்கம் நடத்தின. 1979இல் ஃபோர்டு சுமார் 25 சதவீதப் பங்கு வாங்கியது. (தமிழ்நாட்டுச் சாலைகளில் பள்ளி வேனாகவும் சிறு லாரியாகவும் ஓடிய சுவராஜ் மாஸ்டா, 1980களில் பஞ்சாபில் இதே சுமிட்டோமோ குழுமத்தின் பங்கேற்போடு உருவானது.)

இன்னொரு விளைவு நெடுநாள் நீடித்தது. ஜப்பானுக்குள் தள்ளுபடி கொடுத்தே காரைத் தள்ளும் பழக்கம் நிறுவனத்தின் விற்பனை முறையாகவே ஊறியது. புதுக் காருக்கே அவ்வளவு தள்ளுபடி என்றால் பழைய காருக்கு யார் விலை கொடுப்பார்? வேறு கடையில் மதிப்பே இல்லாததால், வாங்கியவர் மாஸ்டா கடைக்கே திரும்பி, மீண்டும் தள்ளுபடியில் இன்னொரு மாஸ்டா வாங்க வேண்டிவரும். ஜப்பானிய வாடிக்கையாளர்கள் இதற்கு இட்ட பெயர் மாஸ்டா நரகம்.

வெற்றியும் அதைச் சுற்றிய கட்டுக்கதையும்

ரோட்டரியைக் கைவிடும்படி எல்லாக் கணக்கும் சொன்னது. யமமோட்டோவின் குழு எரிபொருள் செலவை 40 சதவீதம் குறைப்பதாகச் சொல்லி உழைத்தது. 1978இல் ஆர்எக்ஸ்-7 வந்தது. எஞ்சினைக் குடும்பக் கார்களிலிருந்து விலக்கி, அதற்கேற்ற விளையாட்டுக் காருக்கு ஒதுக்கிய முடிவு சரியானது.

1991 ஜூனில் 787பி என்ற நான்கு சுழலிக் கார் பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. முதல் ஜப்பானிய வெற்றி அது. கடைசிச் சுற்றுகளை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் நீரிழப்பால் மயங்கி, மேடையேற முடியாமல் போனார். இந்த வெற்றிக்குப் பயந்துதான் ரோட்டரியைத் தடைசெய்தார்கள் என்று ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். அது சரியல்ல: ரோட்டரிக்கு இடமில்லாத 3.5 லிட்டர் எஞ்சின் விதி பந்தயத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. மாஸ்டா 830 கிலோ எடையில் ஓட அனுமதி பெற்றிருந்ததையும், முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் கடைசி மணி நேரங்களில் பழுதானதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால் வெற்றி சிறுக்கவில்லை. 24 மணி நேரம் நின்று ஓடுவதுதான் அந்தப் பந்தயம், ஒருகாலத்தில் 200 மணி நேரத்தில் கீறல் விழுந்த எஞ்சினுக்கு அது எளிதல்ல.

1989இல் வந்த இரட்டை இருக்கை ரோட்ஸ்டரில் ரோட்டரி இல்லை. 2016இல் அதன் உற்பத்தி பத்து லட்சத்தைத் தாண்டியது. சிறிய, எடை குறைந்த, ஓட்டுநருக்கு மகிழ்ச்சி தரும் கார் என்ற எண்ணத்தில் ரோட்டரியின் வளர்ப்பு தெரிகிறது. ஆனால் அதே காலத்தில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழியை நம்பி ஐந்து தனித்தனி விற்பனை வலையமைப்புகளைத் திறந்து, மீண்டும் கடனில் சிக்கினார்கள். 1996இல் ஃபோர்டின் பங்கு 33.4 சதவீதமாகி, ஹென்றி வாலஸ் தலைவரானார். ஜப்பானியக் கார் நிறுவனத்துக்கு முதல் வெளிநாட்டுத் தலைவர் அவர்.

2008 நிதி நெருக்கடியில் ஃபோர்டு தன் பங்கின் பெரும்பகுதியை விற்றது. 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டின் நட்டம் 10,770 கோடி யென். அதே ஆண்டு, ஆர்எக்ஸ்-8 நிறுத்தப்பட்டதோடு கார்களிலிருந்து ரோட்டரி மறைந்தது. ஆனால் ஸ்கைஆக்டிவ் தொழில்நுட்பம் முழுதாக இடம்பெற்ற சிஎக்ஸ்-5 அப்போதுதான் வந்தது. எல்லோரும் மின்சாரக் கலப்புக்குத் தாவியபோது, சாதாரண எஞ்சினையே அடிப்படையிலிருந்து மறுபடி யோசித்த வேலை அது. அதோடு தள்ளுபடிகளும் குறைக்கப்பட்டன, மறுவிற்பனை மதிப்பு ஏறத் தொடங்கியது. 2020இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் நம்பகத்தன்மைப் பட்டியலில் மாஸ்டா முதலிடம் பெற்றது. 2024இல் வேறு சில நிறுவனங்களோடு மாஸ்டாவும் அரசுச் சான்றிதழ்ச் சோதனைகளில் முறைகேடு செய்தது வெளிவந்து, இரண்டு மாடல்களின் அனுப்புகை நிறுத்தப்பட்டது. அதுவும் பதிவில் இருக்க வேண்டியதே.

2023இல் எம்எக்ஸ்-30 காரில் 830 சிசி ஒற்றைச் சுழலி எஞ்சின், சக்கரத்தை ஓட்டாமல் மின்கலத்துக்கு மின்சாரம் தரும் துணையாகத் திரும்பியது. 2024 பிப்ரவரியில் ரோட்டரிக்கென்று 36 பொறியாளர்களோடு தனிக் குழு ஒன்றை நிறுவனம் மறுபடி அமைத்திருக்கிறது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு இந்த எஞ்சினை உட்படுத்துவது அக்குழுவுக்கு இடப்பட்ட முதல் வேலைகளுள் ஒன்று.