பாதுகாக்கும் படையே திரும்பினால் என்ன ஆகும்? 1979-ல் பொகாரோவில் நடந்தது இதுதான்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களுக்கு கம்பெனி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி பழகிய முகம். இங்கே பெரும்பாலும் தனியார் ஏஜென்சி ஆட்கள்தான். ஆனால் மத்திய அரசின் பெரிய ஆலைகள் பலவற்றில் அதே இடத்தில் துப்பாக்கியோடு நிற்பது மத்திய தொழில் பாதுகாப்புப் படை, அதாவது சிஐஎஸ்எஃப். சென்னை விமான நிலையத்தில் நம்மைச் சோதனை செய்கிறவர்களும் இவர்கள்தான். அரக்கோணம் அருகே தக்கோலத்தில் இவர்களுக்கு ஒரு பயிற்சி மையமே இருக்கிறது.

இந்தப் படைக்குள் ஒருமுறை கலகம் வெடித்தது. அடக்க ராணுவம் வந்தது.

என்ன நடந்தது?

1979 கோடையில் பஞ்சாபில் தொடங்கிய போலீஸ் போராட்டம் பல மாநிலங்களுக்கும் பரவியது. சம்பளம், வேலை நேரம், குடியிருப்பு, அதிகாரிகள் நடத்தும் விதம் எல்லாம் கோபத்துக்குக் காரணம். அப்போது பீகாரில் இருந்த (இன்று ஜார்க்கண்ட்) பொகாரோ உருக்காலையில் சிஐஎஸ்எஃப் வீரர்களும் சங்கம் அமைத்து, அங்கீகாரம் கேட்டார்கள். பரேடுக்கு வர மறுத்தார்கள், ஊர்வலம் போனார்கள், அதிகாரிகளை கெரோ செய்தார்கள். ஜூன் 25-ல் ராணுவத்துக்கும் இவர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரே அரசிடம் சம்பளம் வாங்கும் இரண்டு படைகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன.

எச்சரிக்கை வரவில்லையா?

வந்தது. காவலர்களின் குறைகளைக் கேட்க முறையான ஏற்பாடு வேண்டும் என்று தரம் வீரா தலைமையிலான தேசிய போலீஸ் கமிஷன், அதே ஆண்டு பிப்ரவரியிலேயே முதல் அறிக்கையில் சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால் 1973-ல், உத்தரப்பிரதேசத்தில் பிஏசி என்ற ஆயுதப் போலீஸ் கலகம் செய்தது. அங்கேயும் ராணுவம்தான் இறங்கியது. முதல்வர் கமலாபதி திரிபாதி ஜூனில் பதவி விலகினார், குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. இவ்வளவு பார்த்த பிறகும் பொகாரோ நடந்தது என்பதுதான் உறுத்துகிறது.

பிறகு என்ன மாறியது?

பொகாரோவில் பலர் விசாரணையே இல்லாமல் டிஸ்மிஸ் செய்யப்பட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1985-ல் துல்சிராம் படேல் வழக்கின் தீர்ப்பில், விசாரணை நடத்தும் சூழலே இல்லாதபோது இப்படிச் செய்யலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றனர். அது படையோடு நிற்கவில்லை. சாதாரண அரசு ஊழியரை விசாரணையின்றி நீக்கும்போதும் இன்றுவரை இந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள். 1983-லேயே சட்டத்தைத் திருத்தி சிஐஎஸ்எஃப்பை ஆயுதப் படையாகவும் ஆக்கிவிட்டார்கள். கலகம் செய்தவர்கள் கேட்டது சங்கம். பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது இன்னும் இறுக்கமான கட்டுப்பாடு.

அப்படின்னா கோரிக்கையே தப்பா?

நம்ம ஊரையே எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் முக்கியக் கோரிக்கையும் சங்க அங்கீகாரம்தான். கைது, வழக்கு எல்லாம் இருந்தும் பேச்சுவார்த்தை நடந்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

சீருடைக்காரருக்கு அந்த வழி கிடையாது. படைகளில் உள்ளவர்களின் உரிமைகளைக் குறைக்க அரசியலமைப்பின் 33-வது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கையில் துப்பாக்கி இருப்பவர் ஸ்டிரைக் செய்தால் ஆலை நிற்பதோடு போகாது என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் லீவு கிடைக்கவில்லை, மேலதிகாரி அவமானப்படுத்துகிறார் என்றால் அவர் யாரிடம் சொல்வது? பெரும்பாலும் அதே மேலதிகாரி வழியாகத்தான் மனு மேலே போக வேண்டும்.