ஒரு படி இறங்கிய மதிப்பெண்: ஹைப்போகம்பாஸ் ஆய்வின் மறுவாசிப்பு

2014இல் ‘டயபெட்டிஸ் கேர்’ இதழில் வெளியான, சர்க்கரைத் தாழ்வை உணரும் திறன் குறைந்த நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த ஹைப்போகம்பாஸ் ஆய்வைக் கருவிகளுக்கு இடையே நடந்த பந்தயமாகவே நீரிழிவு மருத்துவத் துறை பெரும்பாலும் வாசித்து வந்திருக்கிறது. இன்சுலின் பம்ப் வைத்தவர்களும் ஊசி போட்டுக்கொண்டவர்களும் ஒரே அளவுக்குத் தேறினார்கள். சென்சார் அணிந்தவர்களுக்கும் விரலில் குத்திப் பார்த்தவர்களுக்கும் இடையே வித்தியாசம் தெரியவில்லை. எனவே பந்தயம் சமனில் முடிந்தது என்று எழுதிவிட்டு, அடுத்த தலைமுறைக் கருவியைப் பற்றிய பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். இந்த வாசிப்பில் பிழை இல்லை. ஆனால் அது ஆய்வின் ஓரத்தைத்தான் தொடுகிறது. இந்த இரு ஒப்பீடுகளும் சேர்ந்து உருவாக்கிய நான்கு பிரிவினருக்கும் பொதுவாக நேர்ந்ததைச் சொல்லும் இரண்டு எண்கள் அந்தக் கட்டுரையில் உள்ளன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சர்க்கரைத் தாழ்வை உணரும் திறனை இழந்தவர் அதைத் திரும்பப் பெறுவது என்றால் என்ன என்ற கேள்விக்கு விடை இருக்குமானால், அந்த இசைவின்மையில்தான் இருக்க வேண்டும்.

முதல் எண்: பிறர் உதவியில்லாமல் மீள முடியாத கடும் தாழ்வு, ஆய்வுக்கு முந்தைய ஆண்டில் ஆளுக்குச் சராசரியாக 8.9 முறை. ஆய்வின் 24 வாரங்களில் அதே கணக்கு ஆண்டுக்கு 0.8. பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இரண்டாவது எண்: தாழ்வை உணரும் திறனை அளக்கும் கோல்டு அளவுகோலின் மதிப்பெண் 5.1இலிருந்து 4.1. ஏழு படிகள் கொண்ட அளவுகோலில் ஒரே ஒரு படி. அதிலும் கவனிக்க வேண்டியது, இந்த அளவுகோலில் 4 அல்லது அதற்கு மேல் பெறுபவர் உணர்திறன் குறைந்தவராகக் கருதப்படுகிறார் என்பது. ஆய்வில் சேருவதற்கான தகுதியே அதுதான். ஆக, 24 வாரங்களின் முடிவிலும் சராசரிப் பங்கேற்பாளர் இந்த ஆய்வில் சேரும் தகுதியோடேயே இருந்தார்! அதே சமயம் மயங்கி விழுவது ஏறத்தாழ நின்றுபோயிருந்தது. நீண்டகாலச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி உயர்ந்துவிடவும் இல்லை என்பதால், சர்க்கரையை மேலே விட்டுவைத்துத் தாழ்வைத் தவிர்த்தார்கள் என்று சொல்லி இதைத் தாண்டிப் போக வழியில்லை.

இதற்கு உடனே கைக்கு வரும் விளக்கம், கோல்டு அளவுகோல் மொண்ணையானது என்பது. அதில் ஓரளவு நியாயம் உண்டு. 1994இல் எடின்பரோவில் உருவான அந்த அளவுகோல் ஒரே ஒரு கேள்விதான்: தாழ்வு தொடங்கும்போது உங்களுக்குத் தெரிகிறதா? எப்போதும் தெரியும் என்றால் 1, ஒருபோதும் தெரியாது என்றால் 7. ஆறு மாதமாகத் தாழ்வே அரிதாகிவிட்ட ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அவர் எதை வைத்துப் பதில் சொல்வார்? பழைய நினைவையும் தன்னைப் பற்றிய மதிப்பீட்டையும் வைத்துத்தான். ஆகவே 4.1 என்பது உடலின் இன்றைய நிலையை அப்படியே காட்டுகிறது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அளவுகோலைக் குறை சொல்லி முடித்துவிட்டால், அதே ஆய்வின் கிளைக் கட்டுரை ஒன்று விளக்கமின்றி நின்றுவிடும்.

2013இல் வெளியான அந்தக் கிளைக் கட்டுரையில் பங்கேற்பாளர்களில் 18 பேருக்கு மட்டும் கிளாம்ப் சோதனை நடந்தது. சராசரியாக 35 ஆண்டுகள் நோயோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். நரம்பு வழியாக இன்சுலினும் குளுக்கோசும் செலுத்தி, சர்க்கரையைப் படிப்படியாக இறக்கி, எந்த இடத்தில் முதல் அறிகுறியை உணர்கிறார்கள் என்று பார்த்தார்கள். இங்கே நினைவுக்கு இடமில்லை. உடல் அந்த நேரத்தில் சொல்வதுதான் பதில். தொடக்கத்தில் அந்த இடம் லிட்டருக்கு 2.6 மில்லிமோல், 24 வாரங்களுக்குப் பிறகு 3.1. நமக்குப் பழகிய கணக்கில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 47 மில்லிகிராமிலிருந்து 56. வெறும் 9 மில்லிகிராம். ஆரோக்கியமானவரின் உடல் 70ஐ ஒட்டியே அட்ரினலினைக் கூட்டத் தொடங்கிவிடுகிறது என்பதோடு ஒப்பிட்டால் இது முழு மீட்பு இல்லை என்பதில் ஐயமில்லை. கோல்டு மதிப்பெண் சொன்னதும் இதைத்தான்: கொஞ்சம் திரும்பியது, அவ்வளவே.

ஆனால் அந்த ஒன்பது மில்லிகிராம் விழுந்த இடத்தைப் பாருங்கள். மூளையின் வேலை சர்க்கரை 50ஐ ஒட்டி இறங்கும்போது தடுமாறத் தொடங்குகிறது. துல்லியமான எல்லை ஆளுக்கு ஆள், சோதனைக்குச் சோதனை மாறும். எனினும் 47இல் முதல் அறிகுறியை உணர்பவர், உணரும்போதே அந்தக் கோட்டைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். அவருக்கு அறிகுறி வருகிறது. ஆனால் அதைப் படிக்க வேண்டிய மூளை ஏற்கெனவே மந்தமாகிவிட்டது. சட்டைப்பையில் குளுக்கோஸ் மாத்திரை இருந்தும் எடுக்கத் தோன்றாமல், பக்கத்தில் இருப்பவர் ஜூஸை நீட்டினால் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று எரிந்து விழும் நிலை அது. 56இல் உணர்பவருக்குக் கோட்டின் இந்தப் பக்கம் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. ஆகவே கோல்டு மதிப்பெண்ணில் ஒரு படியும் கடும் தாழ்வில் பத்து மடங்கும் முரண்படவில்லை என்பது என் முடிவு. மீட்பின் அளவு சிறியது. அது நிகழ்ந்த இடம் தீர்மானமானது. மாற்றத்தை நேர்விகிதமாகக் கற்பனை செய்துகொண்டு பார்ப்பவர்களுக்குத்தான் இது புதிராகத் தெரிகிறது.

கிடைத்த சில நிமிடங்களை ஒருவர் என்ன செய்கிறார் என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் ஆய்வின் பொதுப் பகுதிக்கு வர வேண்டும். நியூகாசில், கேம்பிரிட்ஜ், ஷெஃபீல்டு, பிளிமத், போர்ன்மத் ஆகிய ஐந்து மையங்களில் பங்கேற்ற 96 பேருக்கும், அவர்கள் எந்தப் பிரிவில் விழுந்திருந்தாலும், ஒரே பயிற்சி, ஒரே அளவு கவனிப்பு, ஒரே இலக்கு. பயிற்சியின் பெயரே திசைகாட்டி. அதற்கு நான்கு முனைகள்: தாழ்வுக்கான சிகிச்சையை ஒருபோதும் தள்ளிப்போடாதே, உனக்கு ஆபத்து கூடும் நேரங்களைத் தெரிந்துகொள், நுட்பமான அறிகுறிகளைக் கண்டுபிடி, அளந்து உறுதி செய், முக்கியமாக இரவில். இந்த நான்கில் உடல் உணர்வைப் பற்றியது மூன்றாவது மட்டுமே. மற்ற மூன்றும் பழக்கம், கணிப்பு, சரிபார்ப்பு பற்றியவை. கோல்டு கேள்வி அளப்பதோ அந்த ஒரு முனையைத்தான். பயிற்சி நாலு பக்கமும் வேலை செய்ய, அளவுகோல் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து ஒரு படி என்று சொன்னால், மீதி எங்கே போயிற்று என்று நாம் வியக்க வேண்டியதில்லை.

முதல் முனை முதலில் வைக்கப்பட்டதும் தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். உணராததுதான் சிக்கல், உணர்ந்துவிட்டால் எவரும் உடனே சாப்பிடுவார்கள் என்ற அனுமானம் பழைய ஆய்வுகள் பலவற்றுக்கு அடியில் சத்தமில்லாமல் கிடக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு அதைக் குலைத்தது. உணர்திறன் இழந்தவர்கள் தாழ்வைத் தவிர்ப்பதற்காகச் சொல்லப்படும் சிகிச்சை மாற்றங்களைக் குறைவாகவே பின்பற்றுகிறார்கள் என்று 2009இல் அவர்கள் காட்டினார்கள். 2012இல் அதே குழு நோயாளிகளோடு விரிவாகப் பேசியபோது வெளிவந்தவை: இது எனக்குச் சகஜம் என்ற எண்ணம், நோயாளி வேடம் பூண மனமின்மை, தாழ்வின் ஆபத்தைக் குறைத்தும் உயர்சர்க்கரையின் ஆபத்தைக் கூட்டியும் மதிப்பிடுதல். சர்க்கரை ஏறக் கூடாது, ஏறக் கூடாது என்று பல ஆண்டுகள் சொல்லி வளர்த்த நம் மருத்துவத்துக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. 1993இல் டிசிசிடி ஆய்வு கடும் கட்டுப்பாட்டின் பலனை நிறுவியபோது, அதே ஆய்வில் கடும் தாழ்வு மூன்று மடங்கு கூடியதையும் நிறுவியது. முதல் செய்தி எல்லா மருத்துவமனைகளுக்கும் எட்டியது. இரண்டாவது அந்த வேகத்தில் பயணிக்கவில்லை.

ஆனால் உடலின் பங்கை நான் குறைத்துச் சொல்வதாக ஆகிவிடக் கூடாது. ஒரு தாழ்வு அடுத்த தாழ்வின் எச்சரிக்கையை மழுங்கடிக்கிறது என்பதும், தாழ்வை விடாப்பிடியாகத் தவிர்த்தால் எச்சரிக்கை திரும்புகிறது என்பதும் பெருஜியா, செயின்ட் லூயிஸ், லண்டன் குழுக்கள் 1990களின் முதல் பாதியிலேயே நிறுவியவை. ஆனால் 1994இன் செயின்ட் லூயிஸ் கட்டுரை தன் தலைப்பிலேயே ஒரு தயக்கத்தைப் பதிவு செய்தது: உணர்திறன் மீண்டது, சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோன்களின் எதிர்வினைக் குறைபாடு மீளவில்லை. அப்படியானால் உணர்தல் என்பது அட்ரினலின் அளவின் நேரடிப் பிரதி இல்லை. ஹார்மோன் எழாமலே ஆள் உணர முடிகிறது என்றால், உணர்தலில் கவனத்துக்கும் ஒரு பங்கு இருந்தாக வேண்டும். அந்த மூன்று குழுக்களின் சோதனைகளும் மருத்துவக் குழுவின் நெருங்கிய கண்காணிப்பில் நடந்தவை. தாழ்வு இல்லாமை மட்டும் வேலை செய்ததா, கூடவே இருந்த மனிதர்களும் வேலை செய்தார்களா என்பதை அவற்றைக் கொண்டு பிரிக்க முடியாது.

பிரித்துப் பார்க்க உதவும் சான்று 2016இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தது. இன் கன்ட்ரோல் என்ற அந்த ஆய்வில் உணர்திறன் குறைந்த 52 பேர், 16 வாரம் சென்சாருடனும் 16 வாரம் விரல்குத்தலுடனுமாக மாறி மாறி இருந்தார்கள். சென்சார் காலத்தில் கடும் தாழ்வு 14 முறை. மற்றக் காலத்தில் 34. கருவி பாதுகாத்தது, சந்தேகமில்லை. உணர்திறன் மட்டும் அசையவில்லை. தாழ்வு குறைந்தும் உணர்வு திரும்பவில்லை என்ற இந்த முடிவு, தாழ்வைத் தவிர்த்தால் போதும் என்ற வாய்பாட்டுக்கு நேரான இடையூறு. கருவியின் அலாரம் உடலுக்கு முன்பே கூவிவிடுவதால், உடலின் சிறு சத்தத்தைக் கேட்கும் தேவையே எழுவதில்லை என்று ஊகிக்கிறேன். பால்காரர் விடியற்காலையில் மணியடிக்கும் வீட்டில் கடிகாரம் நின்றுபோனதை யாரும் கவனிக்க மாட்டார்கள். இது ஊகம்தான். ஆனால் திசைகாட்டியின் மூன்றாவது முனையைத் தனியாகக் கற்பிக்காமல் சென்சாரை மட்டும் கொடுத்தால் எது நடக்கும் என்று எதிர்பார்ப்போமோ, அதற்கு ஆம்ஸ்டர்டாம் முடிவு அச்சாகப் பொருந்துகிறது.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். ஹைப்போகம்பாஸின் சென்சார் பிரிவினர் அதைப் பாதிக்குச் சற்றே கூடுதலான நேரம்தான் அணிந்தார்கள், ஆகவே கருவிக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பார்கள். ஆம்ஸ்டர்டாமில் பெரும்பாலான நேரம் அணிந்தார்கள். உணர்திறனில் விளைவு மாறவில்லை. இன்றைய கருவிகள் வேறு, இன்சுலினைத் தாமே நிறுத்துகின்றன என்பது உண்மை. தாழ்வைத் தடுப்பதில் அவை மேம்பட்டவை என்பதை மறுக்கவில்லை, ஆனால் இங்கே கேள்வி தடுப்பது பற்றியது இல்லை. எந்தப் பயிற்சியும் பெறாத ஒப்பீட்டுக் குழு ஹைப்போகம்பாஸில் இல்லை, மோசமான ஆண்டுக்குப் பிறகு எண்கள் தாமே இறங்கும் என்பது கனமான எதிர்வாதம். 8.9 என்ற சராசரியோடு 13.4 என்ற திட்ட விலக்கம் இருப்பதைப் பார்த்தால், சிலரின் மிக மோசமான ஆண்டு கணக்கைத் தூக்கியிருப்பது தெரிகிறது. என்றாலும் கிளாம்ப் அறையில் 47 என்பது 56ஆக மாறியதற்கு அந்த விளக்கம் போதாது. 18 பேர் என்பது சிறு எண்ணிக்கை என்பார்கள். இத்துறையின் அடித்தளச் சோதனைகள் அதைவிடச் சிறியவை.

தமிழ்நாட்டு வாசகருக்கு இங்கே ஒரு பக்கக் குறிப்பு. சென்சார் வாங்க வசதியில்லை, அதனால் சர்க்கரை லோ ஆவதை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்று இங்கே பல குடும்பங்கள் முடிவு கட்டிவிடுவதுண்டு. ஹைப்போகம்பாஸின் ஊசி, குளுக்கோமீட்டர் பிரிவு மற்றவர்களோடு சமமாகவே தேறியது. அவர்களிடம் இருந்தது நம்மிடம் இருப்பதுதான். கூடுதலாக இருந்தது தொடர்ந்து அழைத்துப் பேச ஒருவர். அந்த ஒருவரின் சம்பளம் சென்சாரைவிடக் குறைவா என்பதை நம் மருத்துவமனைகள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஸ்ட்ரிப் செலவையும் அதில் சேர்க்க வேண்டும், அது அற்பமில்லை.

24 வாரம் முடிந்ததும் ஹைப்போகம்பாஸ் பங்கேற்பாளர்கள் தாம் விரும்பிய கருவிக்கு மாறிக்கொள்ளும் உரிமை பெற்றார்கள். 24 மாதத்தில் அவர்களின் கோல்டு சராசரி 3.7, எச்பிஏ1சியும் 8.2இலிருந்து 7.7க்கு இறங்கியிருந்தது. சராசரி நாலுக்குக் கீழே போனது பந்தயம் கலைந்த பிறகுதான். பயிற்சியும் கருவியும் கிடைத்தும் மீளாதவர்களிடம் சிந்தனைப் போக்கையே நேரடியாகத் தொட முயன்ற ஹார்ப்டாக் ஆய்வில் (2022, 99 பேர்) கடும் தாழ்வு இரு பயிற்சிக் குழுக்களிலும் ஒரே மாதிரி குறைந்தது. மனச்சோர்வும் பதற்றமும் சிந்தனைப் போக்கைத் தொட்ட குழுவில் கூடுதலாகத் தணிந்தன. எந்தப் பாடத்திட்டம் சிறந்தது என்று புதிய பந்தயம் ஒன்றை அதை வைத்துத் தொடங்கிவிடுவார்களோ என்ற கவலை எனக்கு உண்டு. அதைவிடப் பயனுள்ள சோதனை இப்படி இருக்கும்: இருவருக்கும் ஒரே சென்சார், ஒருவருக்கு மட்டும் திசைகாட்டியின் நான்கு முனைகள், முன்னும் பின்னும் கிளாம்ப். கோல்டு கேள்வியோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: கடைசியாக லோ ஆனபோது, தெரிந்ததற்கும் வாயில் எதையாவது போட்டதற்கும் இடையே எத்தனை நிமிடம்?